ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி: விலை இறங்கும்போது எதை, எந்த விலையில் வாங்குவது?

கேள்வியில் உள்ள விவரம்: ரைசன் 5 5600 சிபியு, பி450 மதர்போர்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1440பி தெளிவுத்திறனுள்ள 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். பெரும்பாலும் கேம், எப்போதாவது பிளெண்டர் (முப்பரிமாணப் படம் உருவாக்கும் மென்பொருள்). என்விடியாவின் 5070 டிஐ, ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி என்ற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டும் வாராவாரம் விலை இறங்கி வருவதால் இப்போதே வாங்குவதா, பொறுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் நடுவே உள்ள விலை இடைவெளியைச் சதவீதத்தில் கணக்கிடுங்கள். முடிவு அதில்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 5070 டிஐ வந்தபோது அறிவித்த விலை 749 டாலர். மார்ச்சில் வந்த 9070 எக்ஸ்டிக்கு 599 டாலர். அதாவது என்விடியா கார்டுக்கு 25 சதவீதம் கூடுதல். முதல் சில மாதங்கள் இரண்டுமே அந்த விலைக்குக் கிடைக்கவில்லை. பிறகு மெல்ல இறங்கின.

இறங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கணக்குக்காக 75,000 ரூபாய், 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 6,000 குறைந்தால் 69,000, 54,000. "5070 டிஐ இறங்கிவிட்டது" என்று தோன்றும். ஆனால் இடைவெளி 25-இலிருந்து கிட்டத்தட்ட 28 சதவீதமாகக் கூடியிருக்கிறது. ஒப்பிட்டால் அது முன்பைவிட மோசமான பேரம். மாறாக 9070 எக்ஸ்டி 60,000-த்திலேயே நின்று, 5070 டிஐ 66,000-க்கு வந்தால் இடைவெளி 10 சதவீதம்தான். அப்போது யோசிக்காமல் 5070 டிஐ வாங்கலாம்.

எந்த இடைவெளியில் எதை வாங்குவது என்ற எல்லைகள் வேகத்திலிருந்து வருகின்றன. ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) இல்லாத கேம்களில் 1440பி-யில் 5070 டிஐ ஏறக்குறைய 5 சதவீதம்தான் முன்னால் நிற்கிறது; சில கேம்களில் 9070 எக்ஸ்டி ஜெயிக்கிறது. ரே டிரேசிங் போட்டால் வித்தியாசம் பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டி வரும். பாத் டிரேசிங் எனப்படும் முழு ஒளிக் கணக்கீடு இருக்கும் சில கேம்களில் ஏஎம்டி கார்டு வெகுவாகப் பின்தங்கிவிடும். ஆகவே கேம் மட்டும் ஆடுபவருக்கு இடைவெளி 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 9070 எக்ஸ்டி. 10-க்குக் கீழே வந்தால் 5070 டிஐ. இரண்டுக்கும் நடுவே இருந்தால்தான் மற்ற விஷயங்களைத் தராசில் வைக்க வேண்டும்.

மெமரியில் இரண்டும் 16 ஜிபி, 256 பிட். 5070 டிஐயில் ஜிடிடிஆர்7, நொடிக்கு 896 ஜிபி. 9070 எக்ஸ்டியில் ஜிடிடிஆர்6, நொடிக்கு 640 ஜிபி, உதவிக்கு 64 எம்பி இன்ஃபினிட்டி கேஷ். காகிதத்தில் இது பெரிய வேறுபாடு போலத் தெரியும். கேமில் அந்த 40 சதவீதம் எங்கும் தென்படாது. இந்த ஒப்பீட்டைக் காட்டி விற்பவரைப் பொருட்படுத்த வேண்டாம்.

அப்ஸ்கேலிங் (குறைந்த தெளிவுத்திறனில் வரைந்து பெரிதாக்குவது) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று இந்தக் கார்டுகளை யாரும் முழுத் தெளிவுத்திறனில் மட்டும் ஓட்டுவதில்லை. எஃப்எஸ்ஆர் 4 வந்தபின் ஏஎம்டியின் படத்தரம் பழைய எஃப்எஸ்ஆர் 3 காலத்தைப் போல இல்லை. ஓடும் புல்வெளி, கம்பிவேலி, முடி போன்ற இடங்களில் இருந்த மினுமினுப்பு பெரிதும் போய்விட்டது. 1440பி குவாலிட்டி முறையில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4-உடன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஏஎம்டியின் குறை, கேம்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. டிஎல்எஸ்எஸ் உள்ள கேம்கள் மிக அதிகம்; அவற்றின் புதிய மாடலை என்விடியா ஆப்பிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். எஃப்எஸ்ஆர் 4-ஐ டிரைவர் வழியாக ஏற்ற, கேமில் எஃப்எஸ்ஆர் 3.1 இருக்க வேண்டும். ஆப்டிஸ்கேலர் என்ற இலவசக் கருவி டிஎல்எஸ்எஸ் மட்டும் உள்ள கேமிலும் எஃப்எஸ்ஆர் 4-ஐ நுழைத்துவிடும். ஆனால் ஆன்டி-சீட் (ஏமாற்றுத் தடுப்பு) உள்ள ஆன்லைன் கேமில் அதைத் தொடவே கூடாது. கணக்கு முடக்கப்படும் அபாயம் உண்டு. நீங்கள் ஆடும் ஐந்தாறு கேம்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றிலும் எது இருக்கிறது என்று பாருங்கள். பொதுப் பட்டியல்களைவிட அந்தச் சிறு தாள் உங்களுக்குப் பயன்படும்.

என்விடியா விளம்பரப்படுத்தும் 4 மடங்கு ஃபிரேம் ஜெனரேஷனுக்காக (இடையிடையே செயற்கை ஃபிரேம்களைச் சேர்ப்பது) மட்டும் கூடுதல் பணம் தர வேண்டாம். உண்மையான ஃபிரேம் 60-க்கு மேல் இருக்கும்போதுதான் அது நன்றாக இருக்கும். உங்கள் மானிட்டர் 165 ஹெர்ட்ஸ்; 60-ஐ 4 மடங்காக்கினால் 240. மானிட்டரால் காட்டவே முடியாததை உருவாக்கி என்ன பயன்? இரண்டு மடங்கே உங்களுக்குப் போதும், அது இரண்டு தரப்பிலும் இருக்கிறது.

பிளெண்டர் என்றால் பேச்சே வேறு. அதன் சைக்கிள்ஸ் ரெண்டரில் (இறுதிப் படத்தைக் கணக்கிடும் பகுதி) ஆப்டிக்ஸ் என்ற வேகமூட்டும் வசதி உள்ள என்விடியா கார்டு வெகு தொலைவு முன்னால் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு படம் ரெண்டர் செய்வதற்காக 15,000 கூடுதலாகத் தர வேண்டியதில்லை. அதில் வருமானம் வருகிறது என்றால் 25 சதவீத இடைவெளியிலும் 5070 டிஐதான். கேமராவில் 4:2:2 10 பிட் வீடியோ எடுத்து எடிட் செய்பவருக்கும் அதேதான், அந்த வடிவத்தை என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகள் வன்பொருளிலேயே திறக்கின்றன. வீட்டிலேயே ஏஐ மொழி மாதிரி ஓட்டும் ஆசை இருந்தால்: 1,400 கோடி அளபுரு (பாராமீட்டர்) உள்ளது 4 பிட்டில் 16 ஜிபிக்குள் வசதியாக அடங்கும், 3,200 கோடி உள்ளது அடங்காது. இது இரண்டு கார்டுக்கும் பொது. லினக்ஸில் டிவியுடன் இணைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏஎம்டியின் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் ஒப்பவில்லை. மானிட்டர் என்றால் டிஸ்பிளேபோர்ட் போட்டுக்கொள்ளலாம். டிவிக்கு அது சிக்கல்.

இனி உங்கள் கணினி. 5600 இந்தக் கார்டுகளுக்குச் சற்று இளைத்த சிபியு. 1440பி-யில் பல கேம்களில் தாக்குப்பிடிக்கும், ஆனால் கூட்டம் மிகுந்த நகரக் காட்சிகளிலும் பலர் ஆடும் ஆன்லைன் கேம்களிலும் கார்டு சும்மா இருந்து சிபியு திணறும். இப்படிச் சிபியு தடுக்கும் நிலையில் என்விடியா டிரைவர் சிபியு மேல் சற்றுக் கூடுதல் சுமை ஏற்றுகிறது. அதனால் உங்கள் கணினியில் அந்த 5 சதவீத முன்னிலை கரைந்துபோகவும் வாய்ப்புண்டு. 9070 எக்ஸ்டி வாங்கி, மிச்சமாகும் பணத்தில் 5700எக்ஸ்3டி சிபியு எங்காவது கிடைத்தால் போடுவது, உங்களுக்கு 5070 டிஐயைவிட அதிகம் தரும் என்பது என் உறுதியான கருத்து.

பி450 போர்டில் கார்டை இணைக்கும் வழி பழைய பிசிஐஇ 3.0 தான். இரண்டு கார்டும் முழு 16 லேன் என்பதால் இழப்பு சில சதவீதமே. அதற்காகப் போர்டை மாற்ற வேண்டாம். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒருசேர அணுகும் வசதி) கட்டாயம் வேலை செய்ய வேண்டும், குறிப்பாக ஏஎம்டி கார்டில். முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். பிறகு சிஎஸ்எம் (பழைய பூட் முறை) அணைத்து, அபவ் 4ஜி டிகோடிங், ரீசைஸ் பார் இரண்டையும் இயக்குங்கள். இங்கே தவறு நடக்கும் இடம்: பழைய விண்டோஸ் எம்பிஆர் (பழைய பகிர்வு முறை) வட்டில் நிறுவப்பட்டிருந்தால் சிஎஸ்எம் அணைத்ததும் பூட் ஆகாது, கார்டு கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். பழைய கார்டு இருக்கும்போதே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். எம்பிஆர் என்றிருந்தால், முக்கியமான கோப்புகளை நகலெடுத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

650 வாட் போதுமா? இரண்டு நிறுவனமும் 750 சொல்கின்றன. கார்டு 300 முதல் 304 வாட், 5600 அதிகபட்சம் 76, மற்றவை 50, 60. தொடர் சுமை 440 வாட்டைத் தாண்டாது. சிக்கல் கணநேரத் தாவல்களில். ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் கார்டு தன் அளவைவிட மிக அதிகம் இழுக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் என்று எண்ணி அணைத்துக்கொள்ளும். ஏடிஎக்ஸ் 3.0 என்ற தரத்தில் உள்ள எஸ்எம்பிஎஸ் தன் திறனைப் போல 2 மடங்கை 100 மைக்ரோநொடிக்குத் தாங்க வேண்டும் என்பது விதி. உங்களுடையது நல்ல கோல்டு தர யூனிட், வாங்கி ஐந்தாண்டுக்குள் என்றால் கார்டின் பவர் லிமிட்டை 10 சதவீதம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். வேக இழப்பு மிகச் சிறிது. மலிவான யூனிட் என்றால் 750 வாட் ஏடிஎக்ஸ் 3.1 விலையையும் கார்டு விலையோடு கூட்டியே கணக்குப் போடுங்கள். அறிகுறி எளிது: கேம் நடுவே மொத்தக் கணினியும் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ். திரை மட்டும் உறைந்து, கறுத்து, மீண்டும் வந்தால் டிரைவர் அல்லது அளவு மீறிய அண்டர்வோல்ட் (கார்டின் வோல்ட்டேஜைக் குறைப்பது).

5070 டிஐயில் 16 பின் கனெக்டர். உருகிய படங்களைப் பார்த்துப் பலர் அஞ்சுகிறார்கள். 300 வாட் என்றால் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர், 6 பின்களில் பங்கிட்டால் பின்னுக்கு 4.2 ஆம்பியர். என்விடியாவின் 575 வாட் 5090 கார்டில் அது 8 ஆம்பியர். பின் தாங்குவது 9 சொச்சம்தான். ஆகவே 5070 டிஐயில் நல்ல இடைவெளி இருக்கிறது. ஆனாலும் முழுதாக அழுத்திச் செருகுங்கள், தலையிலிருந்து 3.5 சென்டிமீட்டர் வரை கேபிளை வளைக்காதீர்கள். 9070 எக்ஸ்டியில் பெரும்பாலும் பழைய 8 பின் இரண்டோ மூன்றோ வரும். எந்தக் கார்டானாலும் ஒவ்வொரு 8 பின்னுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள். ஒரே கேபிளின் வால் கனெக்டரை இரண்டாவதில் செருகும் பழக்கம் வேண்டாம்.

மாடல் தேர்வில் அதிகம் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே கார்டின் அடிமட்ட மாடலுக்கும் உச்ச மாடலுக்கும் வேகத்தில் 2, 3 சதவீதம்தான் வேறுபாடு, விலையில் 15 சதவீதம்கூட வரும். கேபினெட்டில் முன் ஃபேனிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் இடம் என்று அளந்துவிட்டு வாங்குங்கள். இவற்றில் பல 300 மில்லிமீட்டருக்கு மேல். பில் கட்டாயம் ஜிஎஸ்டியோடு. ரிச்சி தெருவில் பில் இல்லாமல் சொல்லும் விலையில் 18 சதவீத வரி மட்டும் குறைவதில்லை, வாரன்டியும் போகலாம். சீரியல் எண்ணைக் காட்டி, இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று அந்த பிராண்டின் தளத்திலேயே சரிபாருங்கள்.

காத்திருப்பது பற்றி. கார்டு விலை தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும் பொருள் இல்லை. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் மைனிங் (கார்டுகளால் கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) முடிவுக்கு வந்ததை ஒட்டிப் பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. 2024 ஜனவரியில் என்விடியாவின் 4080 சூப்பர் வந்து, 1,199 டாலராக இருந்த இடத்தை 999-க்கு இறக்கியது. இப்படிக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் காத்திருக்கலாம். ஆனால் 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் மெமரி சிப் விலை எகிறியது. கார்டில் உள்ள 16 ஜிபி மெமரியும் அதே மூன்று நிறுவனங்களிடமிருந்து (சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்) வருவதால் கார்டு விலையும் ஏறலாம். அறிவித்த விலையை ஒட்டி நீங்கள் தேடும் இடைவெளி கிடைத்துவிட்டால் அடுத்த 2,000 ரூபாய்க்காகக் காத்திருக்காதீர்கள்.

வந்த அன்றே செய்ய வேண்டியவை. பழைய டிரைவரைச் சேஃப் மோடில், இணையத்தைத் துண்டித்து, டிடியு என்ற கருவி கொண்டு நீக்குங்கள். புதிய டிரைவர் போட்டபின் ஜிபியு-ஸி என்ற கருவியைத் திறந்து பாருங்கள்: 5070 டிஐயில் ஆர்ஓபி (படப்புள்ளிகளை முடித்துத் தரும் அலகுகள்) 96 இருக்க வேண்டும். 88 என்று காட்டினால் அது குறையுள்ள சிப். 2025 தொடக்கத்தில் இப்படிச் சில வெளியேறியதை என்விடியாவே ஒப்புக்கொண்டு மாற்றித் தரச் சொன்னது. பஸ் இணைப்பு சுமையில் 16 லேன் காட்ட வேண்டும். அரைமணி நேரம் கனமான கேம் ஓட்டி வெப்பம் பாருங்கள். 9070 எக்ஸ்டியில் மெமரி 90 டிகிரியை ஒட்டுவது சாதாரணம். அதே கார்டில் சராசரி வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 30 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை, திருப்பிக் கொடுங்கள். சுமையில் ரீங்காரச் சத்தம் தாங்க முடியாத அளவு வந்தாலும் திருப்பும் காலத்துக்குள் சொல்லுங்கள், பிறகு அதை வாரன்டியில் ஏற்பது அரிது.

இவை முடிந்தபின் அண்டர்வோல்ட் செய்யலாம். 9070 எக்ஸ்டி என்றால் ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் -30 மில்லிவோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு நாள் கேம் ஆடிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். சோதனை மென்பொருளில் -80-ஐத் தாங்கும் சிப் கூட, ரே டிரேசிங் உள்ள கேமில் -50-இல் விழலாம்.