புரதம் 19% இருக்கிறது, குஞ்சு ஏன் வளரவில்லை?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "200 கலப்பின நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிறேன். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 60, கடலைப் பிண்ணாக்கு 30, அரிசித் தவிடு 8, தாது உப்புக் கலவை 2 கிலோ. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் புரதம் 19% என்று வந்தது. ஆனாலும் எட்டு வாரமாகியும் பாதிக் குஞ்சுகள் 300 கிராமைத் தாண்டவில்லை. முதுகில் இறகு சரியாக மூடவில்லை, ஒன்றையொன்று கொத்துகின்றன. தீனி மட்டும் நன்றாக எடுக்கின்றன. பிண்ணாக்கை இன்னும் கூட்ட வேண்டுமா? மெத்தியோனின் என்ற மருந்து போடச் சொல்கிறார்கள். இயற்கை முறையில் வளர்ப்பதாகச் சொல்லி விற்பதால் தயக்கமாக இருக்கிறது."

பிண்ணாக்கைக் கூட்டாதீர்கள். உங்கள் தீவனத்தில் புரதத்தின் அளவு போதும், சேர்மானம்தான் தவறு.

கோழிக்குத் தேவை புரதம் அல்ல, புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள். உடல் புரதம் கட்ட 20 அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் ஏறக்குறைய பாதியைக் கோழி தானே உண்டாக்கிக்கொள்ளும். லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபேன், ஆர்ஜினின் போன்றவற்றைத் தீனியில்தான் கொடுத்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவை வீண். பத்துப் படி அரிசி இருந்தாலும் உளுந்து ஓர் ஆழாக்குதான் என்றால் எத்தனை இட்லிக்கு மாவு வரும்? அவ்வளவுதான் கணக்கு.

இனி உங்கள் கலவையைப் பார்ப்போம். மக்காச்சோளத்தில் லைசின் சுமார் 0.25%, மெத்தியோனின் 0.18%. கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் லைசின் 1.5%, மெத்தியோனின் 0.45% அளவில்தான் இருக்கும். தவிட்டையும் சேர்த்துக் கூட்டினால் உங்கள் தீவனத்தில் லைசின் ஏறக்குறைய 0.65%, மெத்தியோனின் 0.26%. இந்த வகைக் குஞ்சுக்கு முதல் ஆறு வாரம் லைசின் 0.9 சதவீதத்துக்குக் குறையாமலும் மெத்தியோனின் 0.38 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும்படிதான் நான் கலக்கச் சொல்வேன். இரண்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுகிறது. கடலைப் பிண்ணாக்கில் தாராளமாக இருப்பது ஆர்ஜினின். அது குறைந்த இடத்தை நிரப்பாது.

இது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இருவர் மக்காச்சோளத்தின் முக்கியப் புரதமான ஸெயினை மட்டுமே புரதமாகக் கொடுத்து எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். எலிகள் மெலிந்தன. டிரிப்டோபேன் சேர்த்ததும் எடை குறைவது நின்றது. லைசினையும் சேர்த்த பிறகுதான் வளரத் தொடங்கின. 1914இல் வெளியான முடிவு இது. 19% என்று ஒரே எண்ணைப் பார்த்துத் தீவனம் வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான சோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46% நைட்ரஜன். 100 கிலோ பிண்ணாக்கிலோ மீன் தூளிலோ ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால் காகிதத்தில் புரதம் ஏறக்குறைய 3% கூடிவிடும், கோழிக்கு ஒரு பயனும் இல்லை. விலை மலிவாகவும் புரதம் அதிகமாகவும் காட்டும் சரக்கு என்றால் யூரியா சோதனையும் கேளுங்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் இதோடு ஒத்துப்போகின்றன. இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, அதில் சிஸ்டின் என்ற அமினோ அமிலம் அதிகம். சிஸ்டினை உடல் மெத்தியோனினிலிருந்து செய்துகொள்கிறது. அது பற்றாதபோது முதுகு மூடத் தாமதமாகும், இறகு கொத்தும் பழக்கமும் தலைதூக்கும். தீனி நன்றாக எடுப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குறை லேசாக இருக்கும்போது கோழி கூடுதலாகத் தின்று ஈடுகட்டப் பார்க்கும், மிஞ்சிய எரிசக்தி கொழுப்பாகும். ஒரு குஞ்சைக் கையில் எடுத்து நெஞ்சைத் தடவுங்கள். இருபுறமும் சதை இல்லாமல் நெஞ்செலும்பு விரலில் இடறும். அறுத்தால் அடிவயிற்றில் மஞ்சள் கொழுப்பு இருக்கும். கட்டப் பயன்படாத அமினோ அமிலங்களைச் சேர்த்து வைக்க உடலில் இடமில்லை. அவற்றின் நைட்ரஜன் யூரிக் அமிலமாகி எச்சத்தோடு வெளியேறுகிறது. பிண்ணாக்கை இன்னும் கூட்டினால் தண்ணீர் குடிப்பது கூடும், கூளம் ஈரமாகும், கொட்டகையில் அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கடலைப் பிண்ணாக்கை 15 கிலோவாகக் குறைத்து, எண்ணெய் நீக்கிய சோயா பிண்ணாக்கு 18 கிலோ சேருங்கள். தவிடு 5 போதும், மக்காச்சோளமும் தாது உப்பும் பழையபடியே இருக்கட்டும். லைசின் 0.9 சதவீதத்தைத் தொட்டுவிடும். மெத்தியோனின் 0.3 அளவில் நிற்கும். 100 கிலோவுக்கு 100 கிராம் மெத்தியோனின் தூள் சேர்த்தால் அதுவும் சரியாகிவிடும். அந்த 100 கிராமை நேராகக் கொட்டாமல் முதலில் இரண்டு கிலோ மக்காச்சோள மாவில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். சோயா வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர் பொன்னிறம் நல்லது. கரும்பழுப்பாகக் கருகியிருந்தால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து கோழிக்குக் கிடைக்காமல் போயிருக்கும், அறிக்கையில் புரதம் குறையாமலே இருக்கும். பச்சைச் சோயாவை வறுக்காமல் அரைத்துப் போடவே கூடாது, புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது.

சோயா வேண்டாம், பழைய கலவையிலேயே லைசின், மெத்தியோனின் தூள்களைப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அடுத்ததாகத் திரியோனின் குறுக்கே நிற்கும்.

இயற்கை முறை பற்றி: மெத்தியோனின் மருந்தல்ல, உணவின் ஒரு கூறு. லைசின் தூளை நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். மெத்தியோனின் தூள் பெரும்பாலும் வேதித் தொழிற்சாலையில் உருவாவது. "எதுவும் சேர்க்கவில்லை" என்று சொல்லி விற்கிறீர்கள் என்றால் அதைப் போட்டுவிட்டு அப்படிச் சொல்லாதீர்கள். மாற்று வழி உண்டு. மேலே சொன்ன 15 கிலோ கடலைப் பிண்ணாக்கில் 10 கிலோவை எள்ளுப் பிண்ணாக்காக மாற்றுங்கள். மெத்தியோனின் 0.37 சதவீதத்துக்கு வந்துவிடும். எள்ளில் லைசின் குறைவு என்பதால் அந்தப் பக்கம் சற்று இறங்கும். அதைத் தவிட்டுக்குப் பதில் மூன்று கிலோ நல்ல கருவாட்டுத் தூள் ஈடுகட்டும். உப்பும் மணலும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கலயத்தில் சாணமும் பழைய சாக்கும் வைத்துக் கரையான் பிடித்துக் குஞ்சுக்குப் போட்ட நம் பாட்டிகள் செய்ததும் இதே வேலைதான். மேய்ச்சல் கோழி புழு பூச்சியில் தேடிக்கொள்வதைக் கொட்டகைக் கோழிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா செடி போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பச்சைத் தீனியாகக் கொடுங்கள், புரதக் கணக்கில் நம்ப வேண்டாம்.

தீவனத்தை மாற்றுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நச்சு ஏறினாலும் வளர்ச்சி இப்படித்தான் தேங்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவன ஆய்வகம் போன்ற இடத்தில் பிண்ணாக்கின் மாதிரியைக் கொடுங்கள். குடற்புழுவும் ரத்தக் கழிச்சலும் இல்லை என்று எச்சத்தைப் பார்த்து மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீதமாகும் கடலைப் பிண்ணாக்கு சுத்தமானது என்று தெரிந்தால் மாட்டுக்குக் கொடுங்கள். அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் குறைவான அமினோ அமிலங்களைப் பெரிதும் தாமே உண்டாக்கித் தந்துவிடும். பூஞ்சை பிடித்ததை மட்டும் மாட்டுக்கும் வைக்காதீர்கள், அந்த நச்சு பாலில் இறங்கும்.