மைதானத்து அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, பக்கத்து ஊருக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு ரெய்டர் பையன் (எதிரணிப் பக்கம் பாடிப்போய்த் தொட்டு வருபவன்) இந்த வருடம் எங்கள் கபடி அணிக்கு வருகிறேன் என்கிறான். வயது 19, அபார வேகம். வைகாசியில் கோவில் கொடைப் போட்டியில் வலது முட்டி ஜவ்வு கிழிந்து, ஆனியில் ஆபரேஷன் ஆனது. ஏ.சி.எல். என்றார்களாம். போன வாரம் ஓடவிட்டுப் பார்த்தோம். வேகம் குறையவில்லை, வலியும் இல்லை. சேர்க்கலாமா? பொங்கல் போட்டிக்கு இறக்கலாமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. பொங்கலுக்கு இறக்க வேண்டாம்.

நேராக ஓடும் வேகம் முதலிலேயே திரும்பிவிடும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 13 மீட்டர் களத்தில் எந்த ரெய்டர் நேராக ஓடுகிறான்? 30 விநாடிக்குள் எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்து, சட்டென்று நின்று, திரும்பி, ஓரத்தில் (கார்னரில்) நிற்பவன் கணுக்காலைப் பிடித்தால் அவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பாய வேண்டும். அப்போது கீழ்க்கால் முன்னால் நழுவாமல், முறுக்கிக்கொள்ளாமல் காப்பது அந்த ஜவ்வுதான். ஆபரேஷனில் பெரும்பாலும் அவனுடைய தசைநாண் ஒன்றை எடுத்துத்தான் அந்த இடத்தில் வைப்பார்கள். அது ஜவ்வாகத் தேற மாதக்கணக்கு ஆகும். வலி இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. (எண்ணெய் போட்டு நீவினால் சீக்கிரம் ஆறும் என்று ஒரு பெரியவர் வருவார். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.)

2016-இல் வந்த நார்வே, அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. உங்கள் பையனுக்கு அது பங்குனி.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஒற்றைக் காலில் தாவச் சொல்லி இரண்டு காலுக்கும் தூரம் அளந்து பாருங்கள். அடிபட்ட கால் மற்றதில் 90 சதவீதமாவது தாண்ட வேண்டும். தொடை வலுவுக்கும் அதே கணக்குதான், அதை பிசியோதெரபிஸ்ட் அளக்கட்டும். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று எதிரே நின்று பாருங்கள். அப்புறம், ஓடிவரும்போதே "இடது", "வலது" என்று திடீரென்று குரல் கொடுங்கள். யோசிக்காமல் அந்தக் காலை ஊன்றித் திரும்புகிறானா? நான் அதைத்தான் நம்புவேன். டாக்டரும் சரி என்ற பிறகு முதலில் ஒருவர் பிடி, பிறகு இருவர், கடைசியில்தான் கைகோத்து வளைத்துப் பிடிக்கும் முழுச் சங்கிலி.

டெட்ராய்ட்டில் இருக்கும் என் மருமகன் அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம். அவர் சொல்லித்தான் ஜேம்சன் வில்லியம்ஸைத் தெரியும். பந்தை வாங்கி ஓடும் ரிசீவர்; வேகம்தான் பெயர். 2022 ஜனவரியில் கல்லூரி இறுதிப் போட்டியில் இதே ஜவ்வு போனது. ஆனாலும் ஏப்ரலில், தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரைப் 12-ஆவது ஆளாக எடுத்தது. டிசம்பர் வரை இறக்கவில்லை. அந்த சீசன் முழுக்க அவர் பிடித்தது ஒரே ஒரு பந்து. அதை வைத்து முடிவு கட்டியிருந்தால் 2024-இல் 1,001 யார்டு எடுத்தவரை இழந்திருப்பார்கள். உங்கள் பையனையும் முதல் வருடப் புள்ளியை வைத்து எடைபோடாதீர்கள்.

கேள்வி: அவன் பயிற்சிக்கு மண் தரையா, மேட் விரிப்பா?
— அதே வாசகர்

பதில்: முதலில் சமமான மண். மேட் விரிப்பில் ஷூ இறுகப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முட்டி மாட்டிக்கொள்ளும். கால் புதையும் திருச்செந்தூர்ப் பக்கத் தேரிச் செம்மணலுக்கும் இப்போதைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.