தரகர் சொல்வது ஒன்று, பதிவு சொல்வது ஒன்று: பங்குச் சந்தை கேள்வி–பதில்

(பங்குத் தரகு நிறுவனங்களில் கம்ப்ளையன்ஸ் அதிகாரியாக (விதிகள் பின்பற்றப்படுவதைக் கண்காணிப்பவராக) நீண்ட காலம் சென்னையில் பணியாற்றியவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தேசியப் பங்குச் சந்தையிலிருந்து அடிக்கடி குறுஞ்செய்தி வருகிறது. 'உங்கள் தரகர் தெரிவித்தபடி நிதி இருப்பு ரூ.2,310, பங்கு இருப்பு 0' என்கிறது. ஆனால் செயலியில் என் 140 பங்குகளும் அப்படியே தெரிகின்றன. என் பங்குகளுக்கு என்ன ஆயிற்று? – வாசகி, காரைக்குடி

பங்குகள் பத்திரமாகவே இருக்கின்றன அம்மா. அந்தப் பூஜ்யம் நல்ல செய்தி. அந்தக் குறுஞ்செய்தி சொல்வது, உங்கள் பங்குகளில் தரகரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்கு என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். என்ற களஞ்சிய நிறுவனத்தில் இருக்கிறது. அந்த இருப்பு இந்தச் செய்தியில் சேராது. செய்தியின் கடைசி வரியிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள். தரகரின் கையில் உங்கள் பங்கு எதுவும் இல்லை என்றால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இந்தச் செய்தியை ஏன் அனுப்புகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை அலட்சியமாக அழித்துவிடுகிறவர்களே அதிகம்.

2019 நவம்பர் 22 அன்று கார்வி ஸ்டாக் புரோக்கிங் என்ற தரகு நிறுவனத்தின் மீது, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் பெயரில் உள்ள டீமேட் கணக்குக்கு மாற்றி, அவற்றை அடகு வைத்து அந்த நிறுவனம் கடன் வாங்கியிருந்தது. அந்த உத்தரவில் என்னை இன்றும் உறுத்துகிற செய்தி ஒன்று உண்டு. அப்படிப் பயன்படுத்திய டீமேட் கணக்கு ஒன்றை, சந்தைக்கு அனுப்பிய அறிக்கைகளில் 2019 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அந்த நிறுவனம் காட்டவே இல்லை. அறிக்கை போனது, அந்தக் கணக்கு மட்டும் அதில் இல்லை. தரகர் எழுதிக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு தரகரைச் சரிபார்க்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இந்தியச் சந்தையில் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 83,000 வாடிக்கையாளர்களின் பங்குகளை என்.எஸ்.டி.எல். அவரவர் கணக்குக்கே திருப்பியது.

அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2020 செப்டம்பர் 1 முதல், மார்ஜினுக்காக, அதாவது வர்த்தகத்துக்கான பிணையாகக் கொடுக்கும் பங்குகள் உங்கள் டீமேட் கணக்கை விட்டு நகர்வதில்லை. 'அடகு' என்ற குறியீடு மட்டும் அவற்றின் மீது விழுகிறது, அதற்கும் உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். தரகர் தரும் கணக்கைக் களஞ்சியங்களும் வங்கிகளும் தரும் கணக்கோடு சந்தைகள் ஒப்பிடுகின்றன. அந்த ஒப்பீட்டின் கடைசிக் கண்ணி நீங்கள்தான். அதற்காகத்தான் அந்தக் குறுஞ்செய்தி.

செய்ய வேண்டியது எளிது. களஞ்சியத்திலிருந்து பான் எண்ணின் அடிப்படையில் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். பரிவர்த்தனை நடந்த மாதங்களில் மாதந்தோறும், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதைத் திறந்து அந்த 140 இருக்கிறதா என்று பாருங்கள். சி.டி.எஸ்.எல்.லின் 'ஈஸி', என்.எஸ்.டி.எல்.லின் 'ஐடியாஸ்' தளங்களில் நேரடியாகவும் பார்க்கலாம். தரகரின் செயலியில் பார்ப்பது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அதுவும் தரகர் எழுதிக் காட்டும் கணக்குதான். இன்னொன்று: சந்தையில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உதவி செய்கிறேன் என்று முகவர் தன் எண்ணையே கொடுத்து வைத்திருந்தால், இத்தனை ஏற்பாடும் வீண்.

ஒரு தரகு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட முகவராக இருக்கிறேன். என் வாடிக்கையாளர்கள் இருபது வருடப் பழக்கம். போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் பதிவு செய் என்று தலைமையகம் நச்சரிக்கிறது. இது உண்மையிலேயே அவசியமா? – வாசகர், ஈரோடு

அவசியம்தான் ஐயா. உங்கள் பழக்கத்தை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் பழக்கத்தை நடுவர் மன்றத்தில் சாட்சியாக வைக்க முடியாது.

2018 மார்ச் 22 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததற்கான ஆதாரம் இல்லாமல் தரகர் வர்த்தகம் செய்யக் கூடாது என்கிறது அது. கையெழுத்திட்ட தாள், தொலைபேசிப் பதிவு, மின்னஞ்சல், இணையப் பரிவர்த்தனையின் லாக் (கணினி தானாக எழுதும் பதிவு), குறுஞ்செய்தி என எதுவாகவும் அந்த ஆதாரம் இருக்கலாம். போனில் ஆர்டர் வாங்கினால் பதிவுக் கருவி கட்டாயம். தகராறு வந்தால் நிரூபிக்கும் பொறுப்பு தரகருடையது. குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், தகராறு எழுந்துவிட்டால் அது தீரும் வரை. தொழில்நுட்பக் கோளாறு போன்ற விதிவிலக்கான நேரங்களில் மட்டும், காரணத்தை விளக்கிய பிறகு வேறு ஆதாரங்களைப் பார்ப்பார்கள்.

பதிவு செய்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நான் பார்த்த ஒரு தகராறில் ஒரு நிறுவனம் எல்லா அழைப்புகளையும் பதிவு செய்துதான் வைத்திருந்தது. ஆனால் கோப்புகளின் பெயரில் தேதி மட்டுமே இருந்தது. வாடிக்கையாளர் குறியீடு இல்லை, ஆர்டரைச் சந்தையில் போடும் ஊழியரான டீலரின் எண் இல்லை, நேரமும் இல்லை. 'அந்தப் பங்கை வாங்கச் சொல்லவே இல்லை' என்று ஒரு பெரியவர் புகார் கொடுத்தார். நான்கு டீலர்களின் ஒரு முழு நாள் பேச்சையும் இரண்டு பெண்கள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாம் நாள் மாலையில் அந்த அழைப்பு கிடைத்தது. பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது, தொலைக்காட்சி ஓடுகிறது. டீலர் பங்கின் பெயரையும் எண்ணிக்கையையும் விலையையும் வரிசையாகச் சொல்கிறார். பெரியவரின் குரலில் 'ம்' என்ற ஓர் ஒலி மட்டும். அது சம்மதமா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதன் அடையாளமா? யாராலும் சொல்ல முடியவில்லை. நிறுவனம் நஷ்டத்தை ஈடு செய்துகொடுத்தது.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். பங்கு, எண்ணிக்கை, விலை மூன்றையும் வாடிக்கையாளரின் வாயால் சொல்ல வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் வாடிக்கையாளர் குறியீடும் நேரமும் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் சொந்தக் கைப்பேசியின் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். போன் தொலைந்தால் ஆதாரமும் அதோடு போகும். போதாக்குறைக்கு மறையும் செய்தி என்ற வசதி வேறு இருக்கிறது.

என் பெயர் பான் அட்டையில் 'சண்முகம் முருகேசன்' என்று அப்பா பெயரோடு இருக்கிறது. ஆதாரில் 'முருகேசன் ச', வங்கியில் 'எஸ் முருகேசன்'. டீமேட் கணக்கு திறக்கப் போனால் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பத் திரும்பத் தள்ளுபடி ஆகிறது. மூன்றும் நான்தானே? – வாசகர், திண்டுக்கல்

மூன்றும் நீங்கள்தான். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மீதல்ல. குடும்பப் பெயர் எல்லோருக்கும் உண்டு என்று நினைத்து வடிவமைத்த படிவத்தில் நம் ஊர்ப் பெயர்களைத் திணிக்கிறார்கள். பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டத்தில் இனிஷியலை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறார்கள். அதனால் அப்பாவின் பெயர் அங்கே போய் உட்கார்கிறது. சில ஆண்டுகள் கழித்து, முதலீட்டாளர்களின் அடையாள விவரங்களைப் பராமரிக்கும் கே.ஒய்.சி. பதிவு நிறுவனம் உங்கள் பெயரை வருமான வரித் துறையின் தரவோடு ஒப்பிடுகிறது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பி, வங்கி திருப்பிச் சொல்லும் பெயரை மென்பொருள் பார்க்கிறது. 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தும் 'சண்முகம்' என்ற சொல்லும் அதற்கு இரு வேறு மனிதர்கள்.

பங்குச் சந்தையில் உங்கள் அடையாளம் பான் எண்தான். பானை மாற்றாதீர்கள், மற்றவற்றை அதற்கு இணங்க மாற்றுங்கள். முதலில் வங்கி. பான் நகலோடு போய்ப் பெயரைத் திருத்தக் கேளுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற அனுமதி, எனவே எழுத்துக் கூட்டலை முன்பே தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டு செல்லுங்கள். பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தரகு நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. தள்ளுபடியான விண்ணப்பங்களை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். அப்பா பெயர் கட்டத்தில் 'சண்முகம்' என்று இருக்கிறதே, அதைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஏற்றுக்கொண்ட காரணத்தை இரண்டு வரி எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டால், தணிக்கையாளர் கேட்கும்போது காட்டலாம். பெயர் எவ்வளவு பொருந்த வேண்டும் என்ற சதவீதத்தைக் குறைத்து வைத்து எல்லோரையும் உள்ளே விடுவதும் தவறு, தமிழ்ப் பெயர்களை எல்லாம் வெளியே நிறுத்துவதும் தவறு.

தரகு நிறுவனம் ஒன்றின் ஐ.டி. பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எல்லா சர்வர்களின் கடிகாரத்தையும் ஒன்றாக வைப்பதற்கே இவ்வளவு ஆவணம் கேட்கிறார்கள். இரண்டு மூன்று விநாடி வித்தியாசத்தில் என்ன வந்துவிடும்? – வாசகர், மதுரை

தம்பி, ஒரு புகாரை மனதில் ஓட்டிப் பாருங்கள். '3 மணி 14 நிமிடம் 50 விநாடிக்கு ஆர்டரை ரத்து செய்தேன், அதன் பிறகும் அது நிறைவேறிவிட்டது' என்கிறார் வாடிக்கையாளர். செயலியின் சர்வரில் ரத்துக் கோரிக்கை வந்த நேரம் 49-வது விநாடி. சந்தைக்கு ஆர்டர் போகும் சர்வரில் அது 53-வது விநாடி. சந்தையின் பதிவில் ஆர்டர் நிறைவேறியது 52-இல். நடுவில் உள்ள நான்கு விநாடி உங்கள் மென்பொருளின் தாமதமா, இரண்டு கடிகாரங்களின் வித்தியாசமா? தாமதம் என்றால் நிறுவனத்தின் பொறுப்பு. கடிகாரம் என்றால் உங்கள் லாக் எதையும் நிரூபிக்காது. இரண்டிலும் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட ஆணை, தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு கடிகாரங்களை இணைக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இணையத் தாக்குதல் தெரிய வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் செபியும் இணையப் பாதுகாப்புக்குத் தனிக் கட்டமைப்பை வெளியிட்டிருக்கிறது. ஆனால் 180 நாள் என்றதும் அதோடு அழித்துவிடாதீர்கள். தரகர் பராமரிக்க வேண்டிய கணக்குப் புத்தகங்களுக்கு 1957-ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்த (ஒழுங்குமுறை) விதிகளின்படி ஐந்து ஆண்டு. ஆர்டர் லாக் எந்த வகையில் சேரும் என்று கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் நீண்ட காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். லாக்கை எழுதும் சர்வரின் நிர்வாகிக்கே அதை அழிக்கும் அனுமதி இருக்கிறதா என்று நாளைக் காலையில் பாருங்கள். இருந்தால், ஒரு பிரதி வேறொருவர் பொறுப்பில் உள்ள வேறு இடத்துக்கு உடனுக்குடன் போகும்படி செய்யுங்கள். காரைக்குடி அம்மாவுக்குச் சொன்னதேதான் உங்களுக்கும்: ஒரே கையில் இருக்கும் கணக்கை நம்பச் சொல்லி யாரையும் கேட்க முடியாது.

2021-இல் தேசியப் பங்குச் சந்தை ஒரு நாள் நின்றபோது நஷ்டப்பட்டவன் நான். மறுபடியும் அப்படி நடந்தால் என்ன செய்வது? – வாசகர், கோயம்புத்தூர்

பிப்ரவரி 24. காலை 11.40-க்கு வர்த்தகம் நின்றது. 3.45-க்குத் திறந்து 5 மணி வரை நீட்டினார்கள். அதற்குள் பல தரகர்கள் வாடிக்கையாளர்கள் முடிக்காமல் வைத்திருந்த வர்த்தகங்களை மும்பைப் பங்குச் சந்தையில் முடித்துவிட்டிருந்தார்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. கோளாறு தொடங்கி 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து வேலை தொடங்க வேண்டும். தேசியப் பங்குச் சந்தையின் மாற்று மையம் நம் சென்னையில்தான் இருக்கிறது. 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் சிறப்பு வர்த்தகம் நடத்தி, நாளின் நடுவில் மாற்று மையத்துக்கு மாறிக் காட்டினார்கள். ஒரு சந்தை நின்றால் மற்றொன்று கைகொடுக்கும் ஏற்பாடும் 2025 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. உங்கள் கணக்கில் இரண்டு சந்தைகளும் செயல்பாட்டில் இருக்கின்றனவா, செயலி முடங்கினால் டீலரை அழைக்க எந்த எண் என்ற இரண்டையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டீமேட் கணக்கை மூடிவிட்டேன். என் ஆதார், பான் நகல்களை அழித்துவிடச் சொன்னால் தரகர் மறுக்கிறார். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் எனக்கு உரிமை தரவில்லையா? – வாசகி, தஞ்சாவூர்

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கோரும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் அதற்கு விலக்கும் அதிலேயே உண்டு. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, உறவு முடிந்த பிறகும் அடையாள ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். எனவே தரகர் மறுப்பது சரியே. விளம்பர அழைப்புகளுக்கு உங்கள் எண்ணைப் பயன்படுத்துவது வேறு விஷயம், அதை நிறுத்தச் சொல்லி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கணக்கு மூடிய தேதி உள்ள கடிதத்தை வைத்திருங்கள், ஐந்து ஆண்டு அன்றிலிருந்துதான் தொடங்குகிறது.