பச்சை பூத்த 386 போர்டு: காப்பாற்ற முடியுமா?

கேள்வி: பல வருடம் பரணில் கிடந்த 386 கம்ப்யூட்டரை (இன்டெல் 386 வகை பிராசஸர் உள்ள பழைய பிசி) எடுத்து ஸ்விட்ச் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது. திரையில் எதுவும் வரவில்லை, பீப் சத்தமும் இல்லை. மதர்போர்டில் உள்ள நீல நிற பேட்டரியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கிறது. சிப்புகள் போய்விட்டனவா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. டிராக்குகள்தான், அதாவது போர்டில் சிப்புகளை இணைக்கும் மெல்லிய செம்புக் கோடுகள்தான், அரித்துப் போயிருக்கும். சுத்தம் செய்யும்வரை மறுபடி ஸ்விட்ச் போடாதீர்கள். மின்சாரம் ஓடினால் அரிப்பு வேகமெடுக்கும்.

அது 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. அதிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரம். போர்டின் மேல்பூச்சுக்கு அடியில் ஊர்ந்து செம்பைத் தின்னும். அதனால் கண்ணுக்குத் தெரியும் பச்சையைவிடச் சேதம் எப்போதும் அதிகம். பேட்டரி பல போர்டுகளில் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கீபோர்டைக் கவனிக்கும் 40 கால் சிப்பான கீபோர்டு கன்ட்ரோலர்தான் பெரும்பாலும் முதலில் அடி வாங்கும்.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு பேட்டரியை வெட்டி எடுங்கள். காட்மியம் நச்சு; மின்கழிவில்தான் போட வேண்டும். பாதித்த இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சால் தடவி, நுரை அடங்கும்வரை பழைய டூத்பிரஷால் தேயுங்கள். வினிகரும் அமிலம்தான், தங்கவிடக் கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் நன்றாகக் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள்.

சாம்பல் பூத்த சால்டரில் (பழைய பற்றவைப்பு ஈயத்தில்) புது ஈயம் ஒட்டாது. சுரண்டி, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) போட்டு, புது ஈயம் ஏற்றி, பழையதோடு சேர்த்து உறிஞ்சி எடுங்கள். கறுத்த டிராக்கின் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து இரு முனைக்கும் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டு ஒரு டிராக்கை விட்டாலும் போர்டு எழாது. மேலும் கீழும் இணைக்கும் நுண்துளைகளையும் விடாதீர்கள். அறுந்த இடத்தை 30 கேஜ் மெல்லிய வயரால் இணையுங்கள். கன்ட்ரோலர் சாக்கெட்டில் இருந்தால் கழற்றி, சாக்கெட்டின் உள்கால்களையும் பாருங்கள்.

பவர் கனெக்டர்களைத் திரும்ப மாட்டும்போது பவர் சப்ளையிலிருந்து வரும் பி8 (P8), பி9 (P9) இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு எரிந்துவிடும்.

இப்போது ஸ்விட்ச் போட்டு, ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் (கார்டுகளைச் செருகும் நீளமான ஸ்லாட்) பி2 (B2) பின்னின் வோல்டேஜை மல்டிமீட்டரால் அளவிடுங்கள். கேஸின் பின்பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால் இடது வரிசையில் இரண்டாவது. அதுதான் பிராசஸரைத் தொடக்கத்தில் நிறுத்திவைத்து விடுவிக்கும் ரீசெட் லைன். ஒரு கணம் உயர்ந்து, பிறகு பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். 5 வோல்ட்டிலேயே நின்றால் பிராசஸர் கிளம்பவே இல்லை. பி8 கனெக்டரின் முதல் வயரில், அதாவது மின்சாரம் சீராக இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் பவர் குட் லைனில், 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் ரீசெட் இறங்காவிட்டால் பேட்டரிப் பக்கத்தில் இன்னும் ஒரு டிராக் அறுந்திருக்கலாம். ரீசெட் சரியென்றால் போஸ்ட் கார்டு (கம்ப்யூட்டர் எழும்போது செய்யும் சுயசோதனையின் எண்களைக் காட்டும் கார்டு) செருகுங்கள். எண்கள் மாறினால் பிராசஸர் ஓடுகிறது. அடுத்து மெமரியைப் பாருங்கள். 30 பின் சிம் (மெமரி பலகை) என்றால், 386 டிஎக்ஸ் பிராசஸர் போர்டுக்கு ஒரே அளவில் நான்கு, 386 எஸ்எக்ஸுக்கு இரண்டு வேண்டும்.

அதே வகை பேட்டரியைத் திரும்ப வைக்காதீர்கள், அதுவும் ஒருநாள் கசியும். மூன்று ஏஏ செல் ஹோல்டரை வயர் இழுத்து போர்டுக்கு வெளியே வைத்து, எக்ஸ்டர்னல் பேட்டரி கனெக்டரில் கொடுங்கள். ஜம்பரையும் (பின்களை இணைக்கும் சிறு மூடி) அதற்கேற்ப மாற்றுங்கள். பிளஸ் வயரில் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4148 டயோடு ஒன்றை, அதன் மேலுள்ள கோடு போர்டை நோக்கி இருக்கும்படி சேருங்கள். போர்டின் சார்ஜிங் சர்க்யூட் செல்லுக்குள் மின்சாரம் செலுத்தாமல் அது தடுக்கும்.

கடைசியாக, பயாஸில் (கம்ப்யூட்டரின் தொடக்க செட்டிங்கில்) ஹார்டு டிஸ்க் விவரம் அழிந்திருக்கும். டிஸ்கின் லேபிளில் உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைப் பார்த்து அப்படியே பதியுங்கள்.