குளிர்காலத்தில் நிறுத்திவைக்கும் டிராவல் டிரெய்லருக்குள் எலி புகாமல் இருக்க டிரையர் ஷீட், புதினா எண்ணெய் போதுமா?

போதாது.

பதில் அவ்வளவுதான், விரும்பினால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் காரில் கட்டி இழுத்துப்போகும் வீடு போன்ற அந்த டிரெய்லரை அக்டோபரில் பண்ணையில் விட்டுவிட்டு ஏப்ரலில்தான் எடுப்பேன் என்கிறீர்கள். விற்ற கடைக்காரரே துணி உலர்த்தும் இயந்திரத்தில் வாசனைக்குப் போடும் டிரையர் ஷீட்டையும், புதினா எண்ணெயையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். புது வண்டி, முதல் குளிர்காலம் என்று ஊகிக்கிறேன். நாங்கள் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பக்கம் இருக்கிறோம். டிரெய்லரை நிறுத்தியிருக்கும் பண்ணையில் வரிசைக்கு வரிசை எலி புகுந்த கதை கேட்டாயிற்று. எங்கள் வண்டியில் மட்டும், நான் ஓட்டைகளை அடைத்ததிலிருந்து, ஒரு புழுக்கை கிடையாது. இதைச் சொன்னால் பெருமையடிக்கிறாள் என்பார்கள். ஆமாம், பெருமைதான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் மண் விழ வேலை செய்தவள் நான்.

எங்களுடையது புதிது அல்ல. வயதான தம்பதி ஒருவரிடம் வாங்கிய 24 அடி வண்டி. நல்ல மனிதர்கள், பொய் சொல்லவில்லை. "எங்களுக்கு எலித் தொல்லையே இருந்ததில்லை" என்று அவர்கள் நம்பித்தான் சொன்னார்கள். ஒவ்வொரு இழுப்பறையிலும் இரண்டு டிரையர் ஷீட். குளியலறை அலமாரியில் புதினா எண்ணெய் ஊற்றிய பஞ்சு. உள்ளே ஏறினாலே மூக்கு நிறைந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஹீட்டரில் காற்று சரியாக வரவில்லை என்று அதன் முன்பலகையைக் கழற்றினேன். காற்றுக்குழாய் தொடங்கும் இடத்தில், இரண்டு கையும் சேர்த்து ஏந்தும் அளவுக்கு ஒரு கூடு. சுவரிலிருந்து உருவிய கண்ணாடிப் பஞ்சு, இருக்கையின் மஞ்சள் நுரைத் துணுக்குகள், எல்லாவற்றுக்கும் நடுவே, குட்டி படுக்கும் குழிவில், மெல்லிய நாராகக் கிழித்துச் சுற்றிய டிரையர் ஷீட். முகமூடியைத் தாண்டி லாவெண்டர் வாசம் வந்தது. விரட்டுவதற்கு என்று வைத்ததை அந்த எலி தன் பிள்ளைகளுக்குப் படுக்கையாக விரித்திருந்தது. பக்கத்து இழுப்பறையில் அடுப்புக் கையுறைக்குள் கைப்பிடி மக்காச்சோளமும் சூரியகாந்தி விதையும் சேமிப்பு வேறு.

புதினா எண்ணெய் எனக்குப் பலித்தது என்று எழுத நாலு பேர் வருவார்கள். உங்கள் வண்டியில் ஓட்டை குறைவாக இருந்திருக்கும், அல்லது பக்கத்தில் வயல் இல்லாமல் இருந்திருக்கும். எண்ணெய் ஆவியாகிப் போகிற பொருள். பஞ்சில் ஊற்றி நவம்பரில் பூட்டினால் பனி கொட்டும் ஜனவரியில் யார் போய் மறுபடி ஊற்றுவது? வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து பாகை குளிர் அடிக்கும்போது, மணம் பிடிக்கவில்லை என்று எந்த உயிரும் பனியில் போய்ப் படுக்காது.

பாச்சை உருண்டை அதைவிட மோசம். அது துணிப்பூச்சிக்கு, இறுக மூடிய பெட்டிக்குள் போடுவதற்கு என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். அமெரிக்காவில் பூச்சிமருந்து உறையில் எழுதியதை மீறிப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றால், சரி, மெத்தையில் ஏறிய அந்த நாற்றத்தில் கோடை முழுக்கப் பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். ஒலி எழுப்பி விரட்டும் கருவி? கூட்டரசு வணிக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், நிரூபிக்காமல் இப்படி விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இன்னமும் விற்கிறார்கள். தவிர, நிறுத்திவைத்த வண்டியில் அதைச் செருகுவதற்கு மின்சாரம் எங்கே?

ஆக, ஓட்டை. வேறு வழியே இல்லை. கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் சந்து சுண்டெலிக்குப் போதும். ஒரு பென்சில் நுழைந்தால் எலியும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் ஓடும் இத்தகைய வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானாவில் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. வேகமாகச் செய்து வேகமாக அனுப்புகிற தொழில். ஒன்றரை அங்குலக் குழாய்க்கு மூன்று அங்குல ஓட்டை போடுவார்கள். ஓட்டை உள்ளே அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் வாங்குபவர் கண்ணில் படாது. விலை உயர்ந்த வண்டி என்றால் ஓட்டை இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

கதவு, ஜன்னலை விடுங்கள், எலி அந்த வழியாக வருவதில்லை. டயரில் ஏறும், முட்டுக்கொடுத்த ஜாக்கியில் ஏறும், இழுவைச் சட்டத்தில் வரும் வயர் கட்டைப் பிடித்துக்கொண்டு வரும். வண்டியின் வயிற்றில் கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஒன்று அடித்திருப்பார்கள். கழிவுநீர்க் குழாய் அதை வெட்டிக்கொண்டு வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். எங்கள் வண்டியில் என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அங்கே புகுந்துவிட்டால் தகட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழு மாடி அதற்குச் சொந்தம். அங்கிருந்து சமையல் தொட்டிக்குக் கீழே, கழிவறைக்குப் பின்னே, படுக்கைக்கு அடியில் குழாயும் வயரும் போகிற வழியெல்லாம் மேலே வரும்.

ஓட்டை தேடும் வேலையை இருட்டிய பிறகு செய்யுங்கள். என் கணவர் உள்ளே பளிச்சென்ற விளக்கோடு ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டிக்கொண்டே போனார். நான் அடியில் படுத்துத் தகட்டின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றித் தாழ்த்திப் பார்த்தேன். வெளிச்சம் கசிந்த இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம். அவர் ஏன் அடியில் படுக்கவில்லை என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் அவருக்குத்தான் தூசி ஒவ்வாமை. பார்க்க வந்திருந்த அவருடைய பெரியம்மா மகன், "பெண்பிள்ளை வண்டிக்கு அடியில் கிடக்கிறாள், நீ மேலே விளக்குப் பிடிக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு எங்கள் காப்பியைக் குடித்தார். மறு வருடம் அதே மைத்துனர்தான் தன் வண்டிக்கு என்னை வந்து பார்க்கச் சொன்னார்.

அடைப்பதற்குச் செம்புக் கம்பி நார்தான் நல்லது. இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு நாரை ஸ்குரூ டிரைவரால் இறுகத் திணித்து, அதன்மேல் நுரைப்பசையோ சிலிக்கான் பசையோ பூச வேண்டும். நுரைப்பசையை மட்டும் அடித்தால் எலி ஒரே ராத்திரியில் கொறித்துத் தள்ளிவிடும். பசை நாரைப் பிடித்துவைப்பதற்கு, நார்தான் எலியைத் தடுப்பதற்கு. பெரிய ஓட்டை என்றால் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை வெட்டித் திருகு போடுங்கள். மின்கயிறு வெளியே வரும் மூடியையும் விட்டுவிடாதீர்கள், வெளிப்பக்கப் பொருள் அறையின் மூலைகளையும். நீட்டி மடக்கும் பக்க அறை உங்கள் வண்டியில் இருந்தால் அதன் கீழ் மூலைகளில் ரப்பர் சேராத சந்து நிச்சயம் இருக்கும்.

சில திறப்புகளை மட்டும் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள். ஹீட்டர் புகைபோக்கி, சுடுநீர்க் கொதிகலன், குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் உள்ள காற்றுத்திறப்பு, எரிவாயு கசிந்தால் வெளியேறத் தரையருகே விட்டிருக்கும் திறப்பு, பேட்டரிப் பெட்டியின் திறப்பு ஆகியவை காரணத்தோடுதான் திறந்திருக்கின்றன. நாரும் பசையும் அங்கே போனால் எலிக்குப் பதில் நீங்கள்தான் போய்ச் சேருவீர்கள். அந்தந்தக் கருவிக்கு என்று அனுமதித்த வலைமூடி இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் சும்மா விடுங்கள்.

இனி எங்கே நிறுத்துவது என்ற விஷயம். எங்களுக்கு வீட்டு முற்றத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. கான்கிரீட் தரை, சுற்றிலும் புல் கிடையாது, வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். ஆனால் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு டிரெய்லர் கண்ணை உறுத்துகிறதாம். நிறுத்திய மறுநாளே புகைப்படத்தோடு கடிதம் வந்துவிட்டது, அகற்றாவிட்டால் அபராதம் என்று. அந்தப் புகைப்படம் எந்த ஜன்னலிலிருந்து எடுத்தது என்பது கூட எனக்குத் தெரியும். அதே வீட்டு வாசலில் காற்றடைத்த கிறிஸ்துமஸ் தாத்தா மார்ச் வரை குப்புறக் கிடக்கிறார், அது அழகாம். வீட்டை வாங்கியது நாம், வரி கட்டுவது நாம், நம் முற்றத்தில் எது நிற்கலாம் என்று முடிவு செய்வது மட்டும் வேறு யாரோ. கூட்டத்தில் எழுந்து கேட்டேன், "விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றார்கள். சரி, இதை விடுகிறேன், நீங்கள் கேட்டது எலியைப் பற்றி.

அதனால்தான் பண்ணை. பண்ணை என்றால் பக்கத்தில் மக்காச்சோளமும் சோயாவும். கோடை முழுக்கச் சுண்டெலிகள் வயலிலேயே சுகமாக இருக்கும். இலையுதிர் காலத்தில் அறுவடை இயந்திரம் வயலை மொட்டையடித்ததும் அத்தனையும் ஒதுங்க இடம் தேடிக் கிளம்பும், உங்கள் வண்டியும் அதே அக்டோபரில்தான் அங்கே போய் நிற்கிறது. பண்ணைக்காரரிடம் கேட்டு வயலோரத்தைத் தவிர்த்து, சரளை கொட்டிய இடமாக வாங்குங்கள். உயரமான புல் டயரைத் தொடக் கூடாது. அவரிடம் பூனைகள் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே ஒரு பிஸ்கட் துணுக்குகூட வைக்காதீர்கள். நாய்த் தீனி, மெழுகுவர்த்தி, சோப்பு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தலையணை, போர்வை, காகிதத் துண்டுச் சுருள் இவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அவை எலிக்குக் கூடு கட்டும் சாமான்.

அடைத்தபின்னும் நான் பொறி வைக்கிறேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஒன்று தப்பி நுழைந்தால் தெரிய வேண்டும். மரப்பலகையில் கம்பி அடிக்கும் பழைய பொறிதான், கடலை வெண்ணெய் பட்டாணி அளவு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நெல்வயலில் கிட்டி வைப்பவர்கள் எலி நடமாடும் தடத்தைப் பார்த்துத்தான் வைப்பார்கள், வயல் நடுவில் வைப்பதில்லை. இங்கும் அதுதான். சுண்டெலி சுவரை உரசிக்கொண்டே ஓடும். பொறியின் தீனி முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் செத்தது நாறும். கொல்வது பாவம் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. அவர்கள் ஓட்டைகளை இன்னும் கவனமாக அடைத்துக்கொள்ளட்டும்.

விஷம் மட்டும் வேண்டாம். தின்ற எலி உங்களுக்கு வசதியாக வெளியே போய்ச் சாகாது, சுவருக்குள் போய்ச் சாகும். அந்த எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பருந்துக்கும் விஷம் ஏறும். கடுமையான இரண்டாம் தலைமுறை விஷங்களைப் பொதுமக்களுக்கான கடை அலமாரியிலிருந்து எடுக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் முடிவெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். காப்பீட்டையும் நம்பியிருக்காதீர்கள். எங்கள் பாலிசியில் கொறிக்கும் பிராணிகளால் வரும் சேதம் கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. உங்களுடையதை எடுத்துப் படியுங்கள்.

ஏப்ரலில் திறக்கும்போது புழுக்கை தென்பட்டால் உடனே துடைப்பத்தையோ வாக்குவம் கிளீனரையோ தூக்காதீர்கள். பயமுறுத்துகிறாள் என்று சிலர் சொல்லலாம். வெள்ளை வயிறும் பெரிய கண்ணும் உள்ள காட்டுச் சுண்டெலி ஹான்டா வைரஸைச் சுமக்கக்கூடியது. காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியாகக் கிளம்பி மூச்சில் போனால் தொற்றும். அரிதுதான், ஆனால் நுரையீரலைத் தாக்கினால் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்துபோகிறார்கள். 2012 கோடையில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 10 பேருக்கு வந்து 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கியது இரட்டைச் சுவர் வைத்த கூடாரக் குடில்களில், அந்தச் சுவர்களுக்கு நடுவே எலிகள் கூடு வைத்திருந்தன. டிரெய்லரின் சுவரும் இரட்டைச் சுவர்தான். எங்கோ மேற்கில் என்று நினைத்திருந்தேன். 2021-ல் மிச்சிகனிலேயே முதல் நோயாளி உறுதியானார், வாஷ்டெனா கவுண்டியில். ஆளில்லாமல் கிடந்த, எலி குடியேறிய வீடு ஒன்றைச் சுத்தம் செய்த பெண்.

ஆகவே கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே நில்லுங்கள். கையுறை போடுங்கள். ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர். புழுக்கை மேலும் கூட்டின் மேலும் சொட்டச் சொட்டத் தெளித்து ஐந்து நிமிடம் ஊற விட்டு, காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள். சுத்தம் செய்தபின் ஒன்று முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், தசைவலி, மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக எலிப் புழுக்கை அள்ளினேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரண ஃபுளூ என்றுதான் நினைப்பார்.