விலங்கு, பறவையெல்லாம் ஏன் அழியுற நிலைக்குப் போகுது? காப்பாத்த என்ன பண்ணலாம்?

காடு அழியுது, வேட்டையாடுறாங்கன்னு பொதுவா சொல்லுவோம், அது உண்மைதான். ஆனா காடும் இருந்து, யாரும் வேட்டையும் ஆடாம ஒரு பறவை மளமளன்னு காலியானது நம்ம நாட்டுலயே நடந்திருக்கு. பாறு கழுகு, அதான் பிணந்தின்னிக் கழுகுன்னு சொல்வாங்களே, அது. அதுல வெண்முதுகுப் பாறுன்னு ஒரு வகை, 1992ல 1000 இருந்த இடத்துல 2007ல ஒண்ணுதான் மிச்சம்ங்கிற அளவுக்கு வட இந்தியாவுல விழுந்துச்சு.

காரணம் மாட்டுக்குப் போடுற வலி ஊசி, டைக்ளோஃபினாக். ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல மாடு செத்துட்டா மருந்து கறியிலயே இருக்கும், அதைத் தின்ன கழுகுக்கு கிட்னி போயிடும், கழுத்து தொங்கிப்போய் கிளையில உக்காந்திருக்கும், அப்புறம் செத்து விழும், அறுத்துப் பார்த்தா ஈரல் இதயம் மேலெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி யூரிக் ஆசிட் படிஞ்சிருக்கும். ஒரு மாட்டை கூட்டமா வந்து சாப்பிடுற பறவைங்கிறதால 100 செத்த மாட்டுல ஒண்ணுல மருந்து இருந்தாலே போதும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை, குஞ்சு வளர்ந்து ஜோடி சேரவே அஞ்சு வருஷம் ஆகும், அப்புறம் எங்க இருந்து மீளும்?

2004லதான் காரணம் உறுதியாச்சு, 2006ல மாட்டு மருந்தா டைக்ளோஃபினாக்கை தடை பண்ணாங்க. ஆனா மனுஷனுக்குன்னு வந்த பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்குப் போட்டுட்டே இருந்தாங்க, அதனால 2015ல ஒரு பாட்டில் 3 மில்லிக்கு மேல இருக்கக்கூடாதுன்னு ஆக்குனாங்க. அசிக்ளோஃபினாக்னு இன்னொரு வலி மருந்தும் மாட்டு உடம்புக்குள்ள போய் டைக்ளோஃபினாக்காதான் மாறும், அதையும், கழுகுக்கு ஆகாத கீட்டோபுரோஃபென்ங்கிற வலி மருந்தையும் 2023ல தான் தடை பண்ணாங்க. இவ்ளோ லேட்டா பண்ணதுல எனக்கு ரொம்பவே கோவம்.

எங்க வீட்டுலயும் மாடு இருக்கு. மாட்டு டாக்டர் வந்தா "மெலாக்சிகாம் போடுங்க சார்"னு சொல்லிடுவோம், வலியும் வீக்கமும் நல்லாவே கேக்குது, கழுகுக்கும் ஆபத்து இல்ல. மாடு வச்சிருக்க எல்லாருமே இதைக் கேட்டு வாங்கலாம், இதுக்கு காசு பணம் ஒண்ணும் பெருசா ஆகப்போறதில்ல.

தமிழ்நாட்டுல இப்போ பாறு கூடு கட்டுறது முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாத்துப் பள்ளத்தாக்குலதான், ஆத்தோரம் நீர்மருது மரத்துல. அங்க இன்னொரு ஆபத்தும் இருக்கு. புலியோ சிறுத்தையோ மாட்டை அடிச்சா கோவத்துல அந்த மாட்டு மேலயே பூச்சி மருந்தை தடவி வைப்பாங்க, புலிக்கு முன்னாடி கழுகு வந்து இறங்கினா கூட்டத்தோட போயிடும். மாடு பறிகொடுத்தவங்க வயித்தெரிச்சல் நியாயமானது, அவங்களைத் திட்டி ஒண்ணும் ஆகாது. வனத்துறை குடுக்குற நஷ்ட ஈடு இழுத்தடிக்காம சட்டுன்னு கைக்கு வந்தா விஷம் வைக்கிறது பாதிக்கு மேல நின்னுடும்னு நான் நம்புறேன்.