அமெரிக்காவில் குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் வெளிப்படையாகப் போராடுகிறார்களே, பிடித்து அனுப்பிவிட மாட்டார்களா?

இதே கேள்வியை 2010 மார்ச்சில் நானும் கேட்டேன். சிகாகோ டவுன்டவுனில் அப்போது என் அலுவலகம். மார்ச் 10ஆம் தேதி மதியம் சாப்பிட வெளியே வந்தால், மத்திய அரசுக் கட்டடங்கள் சூழ்ந்த ஃபெடரல் பிளாசாவில் கூட்டம். கல்லூரி வயதுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மைக் முன்னால் வந்து, தங்கள் பெயரைச் சொல்லி, "எனக்கு ஆவணங்கள் கிடையாது" என்றார்கள். அவர்களுடைய முழக்கத்தைத் தமிழில் "ஆவணமில்லை, அச்சமில்லை" என்று சொல்லலாம். மோனை தானாகவே அமைந்துவிட்டது.

உடன் வந்த நண்பரிடம், "போலீஸ்காரன் பத்தடி தூரத்துல நிக்கிறான், இதுங்களுக்குப் பைத்தியமா?" என்றேன். ஹெச்1பி என்ற வேலை விசாவில் ஒரு காகிதம் காலாவதியானாலே தூக்கம் போய்விடுகிறவன் நான். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பைத்தியம் இல்லை, கணக்கு என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஒளிந்து வாழ்கிறவர் எப்படி மாட்டுகிறார் என்று பாருங்கள். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்துவார்கள். லைசென்ஸ் இருக்காது. அங்கிருந்து உள்ளூர் சிறை, குடிவரவுத் துறையின் தடுப்பு மையம், பிறகு விமானம். வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒபாமா ஆட்சியில் 2012 வாக்கில் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் பேரை அனுப்பினார்கள். பெரும்பாலானவர்களின் பெயர்கூட எந்தச் செய்தியிலும் வரவில்லை. ஆனால் ஊரறிந்த ஒரு மாணவியைப் பிடித்தால் அன்று மாலைக்குள் அவளுடைய வழக்கு எண் இணையத்தில் பரவும். குடிவரவு அலுவலகத்துக்கும் செனட்டர் அலுவலகத்துக்கும் ஆயிரக்கணக்கில் ஃபோன் போகும். அவள் படித்த பள்ளியின் ஆசிரியர், தேவாலயப் பாதிரியார், உள்ளூர்ப் பத்திரிகை என்று ஒவ்வொருவராக வருவார்கள். அதிகாரிக்கு இது தலைவலி. வழக்கை ஒத்திவைக்க அவருக்கு அதிகாரமும் இருந்தது. யாரை முதலில் துரத்துவது, யாரை விட்டுவைப்பது என்று அதிகாரிகள் முடிவு செய்யலாம் என 2011 ஜூனில் துறையே சுற்றறிக்கை விட்டது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2012இல் மார்கோ சாவேத்ரா, விரிதியானா மார்டினெஸ் என்ற இரு இளைஞர்கள், தாங்களே ஆவணமில்லாதவர்கள், ஃபுளோரிடாவின் பிரோவர்ட் தடுப்பு மையத்துக்குள் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சுற்றறிக்கையின்படி அங்கே இருக்கவே கூடாதவர்கள் எத்தனை பேர் அடைபட்டிருக்கிறார்கள் என்று உள்ளிருந்தபடியே விவரம் சேர்த்து வெளியே அனுப்பினார்கள். நாம் விசா முத்திரைக்குத் தூதரக வாசலில் வேர்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். இந்தத் துணிச்சல் நமக்குக் கதை மாதிரிதான் இருக்கும்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு மசோதா இருக்கிறது. சிகாகோவில் பியானோ வாசிப்பில் கெட்டிக்காரியான டெரேசா லீ என்ற கொரிய வம்சாவளி மாணவிக்கு, இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ஆவணங்கள் இல்லை என்ற சிக்கல் வந்தது. எங்கள் இலினாய் மாநில செனட்டர் டிக் டர்பினின் அலுவலகம் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தது. அவளுக்கு வழியே இல்லை என்று தெரிந்தது. அதிலிருந்துதான் 2001இல் ட்ரீம் மசோதா வந்தது. சிறுவயதில் கொண்டுவரப்பட்டு இங்கே படித்தவர்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு வழி. ட்ரீமர் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததே.

2010இல் அது மிக அருகில் வந்தது. ஜனவரி 1 அன்று நான்கு மாணவர்கள் மயாமியிலிருந்து வாஷிங்டனுக்கு 1,500 மைல் நடக்கத் தொடங்கினார்கள். மே மாதம் அரிசோனாவில் செனட்டர் மெக்கெய்ன் அலுவலகத்துக்குள் பட்டமளிப்பு அங்கியோடு உட்கார்ந்து கைதானவர்களில் மூவருக்கு ஆவணம் இல்லை. டிசம்பர் 8இல் கீழவையில் 216க்கு 198 என்று மசோதா தேறியது. டிசம்பர் 18இல் செனட்டில் 55க்கு 41. ஆனால் விவாதத்தை முடிக்க வேண்டியது 60, மசோதா அங்கேயே நின்றது. ஆளுங்கட்சியிலேயே ஐந்து பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். பார்வையாளர் மாடத்தில் அங்கியோடு அழுத பிள்ளைகளின் படத்தைப் பார்த்துவிட்டு நான் அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். உண்மையைச் சொல்கிறேன்.

சட்டம் வராது என்று தெரிந்ததும் அவர்கள் குடியரசுத் தலைவர் பக்கம் திரும்பினார்கள். "எனக்கு அதிகாரம் இல்லை" என்று 2011இல் ஒபாமா சொன்னார். இருக்கிறது என்று சட்டப் பேராசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். டென்வரில் அவருடைய தேர்தல் அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து உண்ணாவிரதம் நடந்தது. 2012 ஜூன் 15 அன்று, சிறுவயதில் வந்தவர்களுக்கான டாகா என்ற திட்டத்தின் அறிவிப்பு வந்தது. இரண்டு வருடத்துக்கு நாடு கடத்தல் இல்லை, வேலை அனுமதி உண்டு, பிறகு புதுப்பிக்கலாம். தங்கள் பக்கம் நிற்பதாகச் சொன்ன ஆளையே தேர்தல் வருடத்தில் நெருக்கியதுதான் வேலை செய்தது என்பது என் கணிப்பு.

அந்த இலையுதிர் காலத்தில் சக ஊழியர் ஒருவர் கூப்பிட்டார் என்று ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நகலெடுக்கும் வேலைக்குப் போனேன். 2007 ஜூனிலிருந்து தொடர்ந்து இங்கேதான் இருந்தோம் என்று விண்ணப்பதாரர்கள் நிரூபிக்க வேண்டும். பேப்பர் இல்லாதவர்கள் என்கிறோமே, அவர்கள் கொண்டுவந்த பேப்பரை என் ஹெச்1பி கோப்பில்கூட நான் பார்த்ததில்லை! ஷூ பெட்டி நிறைய பள்ளி மதிப்பெண் அட்டைகள், தடுப்பூசிச் சீட்டுகள், பல் மருத்துவர் ரசீதுகள். ஒரு அம்மா பத்து வருட மின்சாரக் கட்டண ரசீதுகளை வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். என்றாவது யாராவது கேட்பார்கள் என்றுதான் வைத்தாராம். மகனுக்கு அன்று விண்ணப்பம் போட்டோம். அவருக்குப் போட எதுவும் இல்லை.

இந்த இயக்கத்தில் எனக்கு உறுத்துவதும் அதுதான். பட்டமளிப்பு அங்கி பெரிய ஆயுதம். ஆனால் "எங்கள் தவறு எதுவும் இல்லாமல் கொண்டுவரப்பட்டோம்" என்று பிள்ளைகள் சொல்லும்போதே, அப்படியானால் தவறு யாருடையது என்ற கேள்வி அம்மா அப்பா தலையில் விழுகிறது. இதைப் பிறகு அந்தப் பிள்ளைகளே உணர்ந்து, நல்ல மாணவன் கதையை மட்டும் சொல்வதை நிறுத்தினார்கள். 2014இல் பெற்றோருக்கும் ஒபாமா ஒரு திட்டம் அறிவித்தார். அது நீதிமன்றத்தில் முடங்கியது, 2016இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 4 என்று பிரிந்ததோடு சரி.

இப்போதும் அந்தத் துணிச்சல் காப்பாற்றுமா என்றால், முன்போல இல்லை. டென்வரில் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்து, 2017இல் டைம் பத்திரிகையின் செல்வாக்குள்ள 100 பேரில் ஒருவரான ஜானெட் விஸ்கெர்ராவை 2025 மார்ச்சில் பிடித்துத் தடுப்பு மையத்தில் வைத்தார்கள். நான்கு பிள்ளைகளின் தாய். கூச்சலுக்கு அஞ்சாத அரசிடம் அந்தப் பழைய கணக்கு செல்லவில்லை.

நம்மவர்கள் வழக்கமாகச் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன்: "நாம ஒழுங்கா வரிசையில நிக்கிறோம், அவங்க குறுக்கே பூந்துட்டாங்க." தமிழ்ப் பள்ளி வாசலில் காபி குடித்துக்கொண்டு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவைப் போன்றவர்கள் நிற்பதற்கு வரிசை என்று ஒன்றே கிடையாது என்பது அப்போது தெரியாது.

என் மகளை 2007 மார்ச்சில் பத்து மாதக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை இன்னும் எங்கள் தேதிக்கு வரவில்லை. 21 வயது ஆனதும் என் விசாவிலிருந்து அவள் கழன்றுவிடுவாள். டாகா அவளுக்குக் கிடையாது. ஏனென்றால் 2012 ஜூன் 15 அன்று அவள் சட்டப்படி இங்கே இருந்தாள். சட்டத்தை மீறாததால் தகுதி இழந்தாள்! இப்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், நிறையப் பேர் இந்தியர்கள். இவர்களுக்காக இம்ப்ரூவ் த ட்ரீம் என்ற அமைப்பை 2017இல் ஆரம்பித்தவர் இதே நிலையில் இருந்த தீப் படேல். 2021இல் இரு கட்சியினரும் சேர்ந்து மசோதா கொண்டுவந்தார்கள், இன்னும் நிறைவேறவில்லை.

போன வருடம் மகள் வாஷிங்டனுக்குப் போய் எம்.பி.க்களின் உதவியாளர்களைப் பார்த்துவிட்டு வந்தாள். போவதற்கு முதல் நாள் இரவு சமையலறையில் நின்று பேசிப் பழகினாள். கேட்டுக்கொண்டிருந்தவன், "மார்க்கைப் பத்தி முதல்ல சொல்லும்மா" என்றேன்.

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா. எத்தனை மாசம் மிச்சம் இருக்குன்னுதான் முதல்ல சொல்லணும்" என்றாள்.